தொண்டையில் கிருமி இருந்தாலே நோயா?

கோவில்பட்டிப் பக்கம் ஆடிக்காற்றில் கரிசல் புழுதி பறக்கும்போது தொண்டை கரகரப்போடு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் நிறைய. உடனே மருந்துக்கடையில் நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இது தேவைதானா?

பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவரின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சும்மா குடியிருக்கும். வலியில்லை, காய்ச்சலில்லை, அடுத்தவருக்கு ஒட்டுவதும் குறைவு. அந்தப் பிள்ளைக்குச் சளி பிடித்த நேரத்தில் தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்துப் பரிசோதித்தால் 'கிருமி இருக்கிறது' என்றுதான் வரும். வந்தது வைரஸ், பழி ஸ்ட்ரெப்புக்கு! ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனையும் எப்போதோ வந்துபோன தொற்றைக் காட்டக்கூடியதுதான்.

மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் இருந்தால் பெரும்பாலும் வைரஸ். இவை இல்லாமல் திடீர்க் காய்ச்சல், விழுங்கும்போது வலி, கழுத்தில் நெறிகட்டு, டான்சிலில் சீழ் என்றால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். விட்டுவிட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடலாம். நோய் தொடங்கி 9 நாளுக்குள் பென்சிலின் ஆரம்பித்தாலும் அதைத் தடுக்க முடியும். ஆகவே பரிசோதித்துப் பார்க்க நேரம் இருக்கிறது. ஆனால் மாத்திரையை 10 நாளும் விடாமல் சாப்பிடவேண்டும்.

நாலு மாத்திரை வைத்தியம் இரண்டு பக்கமும் தப்பு. வைரஸுக்கு அது வீண். ஸ்ட்ரெப்புக்கு அது போதாது.