குட்டி மேல தப்பில்லை

போன வாரம் எங்க வீட்டுக் குட்டியைச் சென்னைக்கு எடுத்துட்டுப் போன நண்பர் போன் பண்ணினார். "வீடெல்லாம் மூத்திரம், ராத்திரி முழுக்க அழுகை. திருப்பிக் கொண்டாந்து விட்டுடட்டுமா?"

ரெண்டு மாசக் குட்டிக்கு அடக்கத் தெரியாதுங்க. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் ஒரே இடத்துக்குத் தூக்கிட்டுப் போகணும். அங்கே போனால் உடனே தட்டிக் கொடுக்கணும். வீட்டுக்குள் போனதுக்கு அடிச்சால், உங்களுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிஞ்சு போகப் பழகும். அவ்வளவுதான்.

அழுகையா? அதுவரை தாயோடு ஒட்டிப் படுத்ததைப் பால்கனியில் தனியாகக் கட்டினால் வேறென்ன செய்யும்? கட்டில் பக்கத்தில் ஒரு சாக்கு, மேலே பழைய சேலை. நடுராத்திரி ஒருமுறை வெளியே. பழகினதும் படுக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்கலாம்.

கன்று ஈனுகிற மாட்டுக்கு நாங்கள் ராத்திரி முழிக்கிறோம். குட்டிக்காகச் சில ராத்திரி முழிக்க முடியாதவர் அதை வாங்கவே வேண்டாம்.