யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது?

இஆர்பி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? நம் சிங்கப்பூரில் யாரைக் கேட்டாலும் சாலைக்கு மேலே நிற்கும் வளைவையும், காசு கழியும்போது வரும் 'பீப்' சத்தத்தையும்தான் சொல்வார்கள். 1998லிருந்து பழகிய சத்தமாயிற்றே! ஆனால் அலுவலகங்களில் இஆர்பி என்றால் வேறு. எல்லாப் பிரிவுகளின் தகவலையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் நிர்வாக மென்பொருள் அது. 'ஐயோ, கணினிப் பாடமா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முதலில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் வேறோர் இடத்தில் வேலை பார்த்த நேரம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. 'ஞாயிற்றுக்கிழமை வரை சேலைகளுக்குப் பாதி விலை' என்று ஒரு துணிக்கடையின் விளம்பரத்தைச் சனிக்கிழமை காலை நேரலையில் உற்சாகமாகப் படித்தேன். ஆனால் கடைக்காரர் வியாழக்கிழமையே சலுகையை முடித்துவிட்டார். விளம்பரப் பிரிவுக்கு மின்னஞ்சலும் அனுப்பியிருந்தார். அவர்கள் கணக்குப் பிரிவுக்குச் சொல்லிவிட்டார்கள், கட்டணத்தைக் குறைக்க வேண்டுமே! கலையகத்தில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அன்று மதியம் ஒரு பாட்டி தொலைபேசியில் அழைத்தார். ஜூரோங்கிலிருந்து ரயில் மாறித் தேக்காவுக்கு வந்திருக்கிறார். "நீ சொன்னியேன்னுதான் வந்தேன்மா. கடையில அப்படி ஒண்ணும் இல்லைங்கிறாங்க."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

திங்கட்கிழமை விசாரித்தோம். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. ஒருவரின் மின்னஞ்சலில் ஒரு பகுதி, இன்னொருவரின் எக்செல் தாளில் ஒரு பகுதி, வாட்ஸ்அப் குழுவில் ஒரு பகுதி என்று தகவல் சிதறிக் கிடந்தது. நிறுவனத்துக்குத் தெரிந்த விஷயம், நிறுவனத்தின் குரலாக இருந்த எனக்குத் தெரியவில்லை.

இந்த நோய்க்குத்தான் அந்த மென்பொருள். கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் ஒரு கடையை நினைத்துப் பாருங்கள். 300 பேருக்கு ஆர்டர் வருகிறது. முன்பதிவு எடுப்பவர் அதை ஒரு முறை பதிவு செய்கிறார். சமையலறைக்கு எண்ணிக்கை போகிறது. கையிருப்பில் அரிசி குறைவு என்று கொள்முதல் செய்பவருக்குத் தெரிகிறது. வேன் ஓட்டுநருக்கு நேரமும் முகவரியும் போகின்றன. கணக்காளரிடம் விலைப்பட்டியல் தயாராகிறது. மணமகன் வீட்டார் 300ஐ 350 ஆக்கினால், ஓரிடத்தில் மாற்றினால் போதும். எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பதில்லை. ஓட்டுநருக்குச் சம்பளப் பட்டியல் எதற்கு? யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதும் பதிவாகும்.

ஆனால் வாங்கி வைத்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லெட் நிறுவனத்தின் கதை பிரபலம். நான்கு ஆண்டுகள் எடுக்க வேண்டிய மாற்றத்தை 30 மாதங்களில் முடிக்கப் பார்த்து, 1999 ஜூலையில், விற்பனை சூடுபிடிக்கும் நேரத்தில் புதிய மென்பொருளுக்கு மாறினார்கள். கிடங்கில் சாக்லெட் இருந்தும் ஹாலோவீன் பண்டிகைக்குக் கடைகளுக்கு அனுப்ப முடியவில்லை. சுமார் 100 மில்லியன் அமெரிக்க டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் தவறிப்போயின. நாம் தீபாவளிக்கு முந்தின வாரம் கடையை இடம் மாற்றுவோமா? அந்த மாதிரிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் அலுவலகத்தில் பொதுவான ஒரே பட்டியல் வைக்கலாம் என்றபோது, அதிகம் தயங்கியவர் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஓர் அண்ணன். "எல்லாம் அதுல போட்டுட்டா, அப்புறம் என்னை யாரு கேப்பாங்க?" என்றார். சிரிக்கத் தோன்றவில்லை. தகவலைக் கையில் வைத்திருப்பதுதான் மதிப்பு என்று பல ஆண்டுகள் நாமே அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். பட்டியலை எப்படிப் பிரிக்கலாம் என்று அவரிடமே கேட்டோம். பிறகுதான் வேலை நகர்ந்தது.

சொந்தத் தொழில் நடத்துகிறீர்களா? தகுதியுள்ள சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு அரசாங்கத்தின் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் உண்டு. ஒன்றை மறக்காதீர்கள்: முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் ஒப்பந்தமும் பணமும். அவசரப்பட்டு முன்பணம் கட்டினால் மானியம் போய்விடும்.

அதற்கும் முன்னால், செலவில்லாத ஒரு சோதனை. நாளை உங்கள் அலுவலகத்தில் ஏதாவது ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது எத்தனை இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்றைத் தாண்டினால், எங்கேயோ ஒரு பாட்டி ரயில் ஏறிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அந்தப் பாட்டி அப்புறம் அழைக்கவேயில்லை. இப்போதும் ஒவ்வொரு விளம்பரத்தையும் படிக்கும் முன், 'கடைசியாக மாற்றிய நேரம்' என்ற வரியை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் திறக்கிறேன்.

அடுத்த வாரம் பேசுவோம்.