பூனைக்கும் சர்க்கரை

உத்திரமேரூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுப் பூனைக்கு வயது பத்து. கொழுகொழுவென்று திண்ணையில் ஜமீன்தார் மாதிரி சாய்ந்திருந்த பிராணி, இப்போது கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறதாம்; நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறதாம். மிருக வைத்தியர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை வியாதி என்று சொல்லி, இன்சுலின் ஆரம்பித்திருக்கிறார். அடுத்த வாரம் மறுபடியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாராம். "மாமியார் சிரிக்கிறார். நான் என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?" என்று கேட்கிறார்.

மாமியார் சிரித்தால் சிரிக்கட்டும், அம்மா! பூனைக்கு வருவது பெரும்பாலும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருகிற அதே ரகம்தான். ஆனால் ஒரு விசேஷம் உண்டு. ஆரம்பத்திலேயே சரியாகக் கவனித்தால், சில பூனைகளுக்குக் கொஞ்ச மாதங்களில் இன்சுலினே வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. ஆகையால் முதல் சில வாரங்களின் பரிசோதனையை அலட்சியம் செய்யலாகாது.

கணக்கில் ஆரம்பிப்போம். குடவோலை போட்டுச் சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த ஊர்க்காரர் நீங்கள். ஒழுங்காகக் கணக்குக் காட்டாதவர் மறுபடி சபைக்கு வரக்கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே உங்கள் ஊரில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். உங்களுக்குக் கல் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஊசி போட்ட நேரம், எத்தனை யூனிட், என்ன சாப்பிட்டது, எவ்வளவு மீதி வைத்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். தண்ணீரைக் காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மீதியை அளந்து கழியுங்கள். நாலு கிலோப் பூனை ஒரு நாளில் 400 மில்லிக்கு மேல் குடித்தால் அது அதிகம். பின்னங்கால்களில் பாதம் மட்டுமின்றிக் கணுக்கால் வரை தரையில் பதிய நடக்கிறதா என்றும் பாருங்கள். சர்க்கரையினால் நரம்பு தளர்ந்தால் அப்படி நடக்கும்.

ஊசி போடும் பொறுப்பு வீட்டில் ஒருவருக்கே இருக்கட்டும். "நீ போட்டாயா, நான் போட்டேனா?" என்ற குழப்பத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்த வேளையாவது போட்டோமா என்று சந்தேகம் வந்தால், மறுபடி போடாமல் வைத்தியரைக் கேளுங்கள்.

மருந்துப் புட்டியையும் ஸிரிஞ்சையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நம் கடைகளில் 40 யூனிட் மருந்தும் உண்டு, 100 யூனிட் மருந்தும் உண்டு. ஸிரிஞ்சிலும் அப்படியே. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஸிரிஞ்சில் கோடு பார்த்து எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும்! வழியில் புட்டி வெயில் படாமல் இருக்கட்டும்; ஆனால் நேரே ஐஸ் மேல் வைத்து உறையவும் விடாதீர்கள்.

மனிதரை வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்களே, அதை நினைத்துக்கொண்டு பூனையைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். அன்று காலை ஆகாரமும் ஊசியும் எப்படி என்பதை முதல் நாளே டெலிபோனில் கேட்டுவிடுங்கள். பூனை சாப்பிட மறுத்தால், வழக்கமான அளவு ஊசியைக் குத்திவிட்டுப் புறப்படலாகாது. சில வைத்தியர்கள் நாள் முழுதும் வைத்துக்கொண்டு, இரண்டு மணிக்கொரு தரம் ரத்தம் பார்ப்பார்கள். அதற்காக வழக்கமான சாப்பாட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

பூனைக்குப் பயம் வந்தாலே ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும். சில சமயம் 300-ஐயும் தாண்டும். அதைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் வீட்டுக்கு வந்ததும் விபரீதம்தான். அதனால்தான் மூடியுள்ள கூடை ஒன்றை இன்றைக்கே கூடத்தில் வைத்து, உங்கள் பழைய புடவையை உள்ளே விரித்து, அதிலேயே சாப்பாடு போட்டுப் பழக்கச் சொல்கிறேன். பஸ்ஸில் கூடை மேல் ஒரு துணி போர்த்துங்கள். பயத்துக்கு அசையாத சோதனை ஒன்றும் இருக்கிறது. 'ஃபிரக்டோஸமைன்' என்று பெயர். முந்தைய இரண்டு மூன்று வாரத்துச் சராசரியை அது சொல்லும். உள்ளூரில் வசதி இல்லாவிட்டால், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாமா என்று உங்கள் வைத்தியரையே கேளுங்கள். 1903-இல் ஆரம்பித்த பழைய கல்லூரி அது.

கைப்பையில் ஒரு சின்னப் புட்டி தேன் அவசியம். வழியில் பூனை தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, துவண்டு விழுந்தாலோ சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். தேனை வாயில் ஊற்றாமல், ஈற்றில் தடவிவிட்டு உடனே வைத்தியரிடம் ஓடுங்கள்.

கடைசியாக, தயிர்சாதம். பத்து வருஷமாக அதைத்தான் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பூனை பிறவியிலேயே மாமிச பட்சிணி. சோறு அதற்கு ஏற்றதல்ல. அதற்காக இன்றைக்கே சோற்றை நிறுத்திவிட்டு மீனுக்கு மாற்றிவிடாதீர்கள். சோறு குறைந்தால் இன்சுலினையும் குறைக்க வேண்டியிருக்கும். எதை, எவ்வளவு, எந்த நாளிலிருந்து என்று வைத்தியரிடம் கேட்டு, அதையும் அந்த நோட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.