காலிப் பாட்டிலுக்கு ஒரு விலை!

கம்பம் பள்ளத்தாக்கில் நடவு நேரம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வருகிறது. வயல் சேறாகக் குழைந்து கிடக்கிறது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலுடன் இறங்குகிறார்கள்.

சேற்றுக்குள் என்ன கிடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத்தான் தெரியும். "ஆத்தாடி!" என்று ஒரு சத்தம். காலைத் தூக்கினால் ரத்தம். உடைந்த பாட்டில் துண்டு!

யாரோ ஒருவன் வரப்பில் உட்கார்ந்து குடித்தான். பாட்டிலை வீசினான். போய்விட்டான். குடித்தவன் அவன், காலை அறுத்துக்கொண்டவள் இவள். காயம் ஆறும் வரை இவளுக்குக் கூலி இல்லை.

லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இருக்கிறது. மூடி போட்ட காலிப் பாட்டில் தண்ணீரில் மிதக்கும். ஓர் ஊரில் வாய்க்காலில் விழுந்தது, அடுத்த ஊர் வயலில் வந்து கிடக்கும்.

குடி குடியைக் கெடுக்கும் என்பது தெரிந்த பேச்சு. குடிக்காத குடும்பத்தையும் இந்தப் பாட்டில் கெடுக்கிறதே! இதற்கு வழி இல்லையா?

இருக்கிறது. அது புது வழியும் அல்ல.

கோலி சோடா சொல்லும் பாடம்

கோலி சோடா பாட்டில் வயலில் கிடந்து யாராவது பார்த்ததுண்டா? அநேகமாக இருக்காது. ஏன்? சோடாக்காரர் அதை விடமாட்டார். "குடிச்சிட்டுப் பாட்டிலைக் குடுத்திட்டுப் போங்க, அண்ணே!" என்பார். கையோடு கொண்டுபோக வேண்டும் என்றால், பாட்டிலுக்கு முன்பணம் கேட்பார்.

அந்தப் பாட்டிலைக் கண்டுபிடித்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். 1872-ல் அதற்கு உரிமை வாங்கினார். பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து வாயு கலந்த தண்ணீரை நிரப்புவார்கள். வாயு கோலியைத் தள்ளி ரப்பரோடு அழுத்தும். மூடி தயார்! கட்டை விரலால் அமுக்கினால், "டப்" என்று கோலி உள்ளே இறங்கும்.

தகர மூடி இல்லை, தக்கை இல்லை. வீசி எறிய எதுவுமே இல்லை. கழுவினார்கள், நிரப்பினார்கள், விற்றார்கள். ஒரே பாட்டில் வருஷக்கணக்கில் ஓடியது.

பிறகு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. கோலி சோடா ஒதுங்கியது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் கூடவே ஒதுங்கிவிட்டது.

அமெரிக்காவில் தூக்குவாளி

நம் ஊரில் டீ வாங்கத் தூக்குவாளி கொண்டுபோவது போல, அமெரிக்காவில் 1800-களின் கடைசியில் பீர் வாங்க மூடி போட்ட தகர வாளி கொண்டுபோனார்கள். அதற்கு "கிரவுலர்" என்று பெயர். உறுமுவது என்று பொருள். மூடி இடுக்கில் வாயு உறுமிக்கொண்டு வெளியேறியதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

1989-ல் வயோமிங் மாநிலத்தில் ஆட்டோ சகோதரர்கள் என்ற பீர் காய்ச்சுகிறவர்கள், அந்த வாளியைக் கண்ணாடி ஜாடியாக மாற்றினார்கள். ஜாடி ஏறக்குறைய 1.9 லிட்டர் பிடிக்கும். வாங்குகிறவர் ஒரு முறை ஜாடிக்குக் காசு கொடுப்பார். அடுத்த முறை அதையே கழுவி எடுத்து வந்து நிரப்பிக்கொள்வார். தன் காசு போட்டு வாங்கிய ஜாடியை எவன் வீதியில் வீசுவான்?

ஜெர்மனியில் மறுபடி நிரப்பும் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் முன்பணம். ஒரு முறை மட்டும் உபயோகிக்கும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 2003-ல் முன்பணம் கட்டாயமானது. இன்று அது 25 சென்ட். திரும்ப வருகிற பாட்டிலுக்குக் குறைந்த பணம். வீணாகிற பாட்டிலுக்கு அதிகப் பணம். நல்ல கணக்கு!

நீலகிரியில் தொடங்கியது

தமிழ்நாட்டில் இதை நீலகிரி காட்டிக் கொடுத்தது. அங்கே காட்டில் கிடந்த பாட்டில் துண்டுகள் யானையின் காலைக்கூடக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் புது ஏற்பாடு வந்தது. வாங்கும்போது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதல். காலிப் பாட்டிலைக் கொடுத்தால் 10 ரூபாய் வாபஸ்.

என்ன ஆயிற்று? பத்துப் பாட்டிலில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வந்தது! குடித்தவன் கொடுக்காமல் போட்டாலும், வேறொருவர் பொறுக்கி வந்து கொடுத்தார். புத்திமதி செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது. பிறகு மாவட்டம் மாவட்டமாக ஏற்பாடு பரவித் தேனிக்கும் வந்தது.

கடை ஊழியர்கள் குறை சொல்கிறார்கள். "பாட்டிலை வாங்கி வைக்க இடம் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டவும் எண்ணவும் ஆள் இல்லை" என்கிறார்கள். அது நியாயமான குறை. அதற்காக ஏற்பாட்டைக் கைவிடக் கூடாது. தனி ஆளும் தனி இடமும் கொடுக்க வேண்டும். எந்தக் கடையில் வாங்கிய பாட்டிலையும் எந்தக் கடையிலும் கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும். கூடலூரில் வாங்கியவன் அதைக் கொடுக்கக் கூடலூருக்கே திரும்பிப் போவானா?

உருக்குவதா, கழுவுவதா?

பாட்டில் திரும்பி வந்தால் மட்டும் போதாது. அதை மறுபடி நிரப்ப வேண்டும். கண்ணாடியை உருக்கிப் புதுப் பாட்டில் செய்ய 1,500 டிகிரி வரை சூடு வேண்டும். கழுவுவதற்கு வெந்நீரும் சோடா காரமும் போதும். நல்ல பாட்டிலை ஐம்பது முறை வரை நிரப்பலாம்.

நல்ல பாட்டில் எது? கண்ணாடி கனமாக இருக்க வேண்டும். உள்ளே பிரஷ் போய்வர வேண்டும். பீர் என்றால் பழுப்பு நிறம் வேண்டும். வெளிச்சம் பட்டால் பீர் கெட்ட வாடை அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அச்சுப் பாட்டிலாக இருக்க வேண்டும். கண்ணாடியிலேயே ஒரு கம்பெனியின் பெயரைப் பொறித்துவிட்டால், அடுத்த கம்பெனி அதை நிரப்ப முடியாது. பெயர் ஒட்டுத்தாளில் இருந்தால் போதும்.

மதுவோடு இது நிற்கவும் வேண்டாம். சோடா, கலர், தண்ணீர் எதுவானாலும் பாட்டிலுக்கு முன்பணம் வைக்கலாம். சுருளி அருவிக்கு வருகிறவர்கள் பாட்டிலைப் பாறையில் போடாமல் கடையில் கொடுப்பார்கள்.

விலை இல்லாத பொருளை வீசுவார்கள். விலை உள்ள பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சோடாக் கடைக்காரருக்கு என்றோ தெரிந்த சங்கதி இது.

சேற்றில் இறங்கும் பெண்ணின் காலில் செருப்பு இல்லை. பாட்டிலுக்கு வைக்கும் பத்து ரூபாய்தான் அந்தக் காலுக்குக் காவல்.