பத்து வருஷம் முடிஞ்சா என்ன கிடைக்கும்?

ஒரே ஆபீஸில் பத்து வருஷம் குப்பை கொட்டியவருக்கு நம் ஊரில் என்ன கிடைக்கும்? ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. புதுசாக வந்த பையன்களிடமிருந்து ஒரு 'குட்மார்னிங் ஸார்'. கேன்டீனில் கேட்காமலே ஸ்ட்ராங் காபி. மற்றபடி அதே பன்னிரண்டு நாள் கேஷுவல் லீவு. அதைக் கேட்டால் மேலதிகாரியின் அதே முறைப்பு!

ஆஸ்திரேலியாவில் கதையே வேறு. விக்டோரியா மாநில அரசுப் பள்ளி வாத்தியார் பத்து வருஷம் முடித்தால் முழுச் சம்பளத்தோடு மூன்று மாச லீவு. குயின்ஸ்லாந்து டீச்சருக்குப் பதிமூன்று வாரம். 'பாதிச் சம்பளம் போதும் ஸார்' என்று எழுதிக் கொடுத்தால் லீவு இரண்டு மடங்கு! மத்திய அரசு ஊழியர்களுக்கு இதற்கென்றே 1976-ல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் கிடைக்கிற நாலு வார லீவு இதில் சேராது, அது தனிக் கணக்கு. இதற்குப் பெயர் 'லாங் சர்வீஸ் லீவ்'. மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டாம், பாட்டியை மறுபடியும் சாகடிக்க வேண்டாம்.

இந்தப் பெருந்தன்மை எப்படி வந்தது? கப்பலில் வந்தது. 1860-களில் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஊர் ஞாபகம் வந்தால் சிக்கல். பாய்மரக் கப்பலில் இங்கிலாந்து போய்ச் சேரவே மாசக்கணக்கு ஆகும். போய்விட்டு வந்தால் நாற்காலி இருக்க வேண்டுமே! அதற்காக ஏற்பட்ட லீவு இது. பிறகு கப்பல் போய் விமானம் வந்தது. லீவை ரத்து செய்தார்களா? இல்லை. 1950-களில் மாநிலங்கள் சட்டம் போட்டு, ஃபேக்டரித் தொழிலாளி வரைக்கும் கொடுத்துவிட்டார்கள்.

நம் ஊருக்கும் அதே வெள்ளைக்காரன்தான் வந்தான். அவனுக்கு இங்கேயும் நீண்ட லீவு உண்டு. 'ஃபர்லோ' என்று பெயர். அவன் போனான், அந்த வார்த்தையை இப்போது அதிகம் கேட்பது மகாராஷ்டிரா, குஜராத் சிறைகளில். கைதிகளைச் சில நாள் வீட்டுக்கு அனுப்பும் சலுகைக்கு அந்தப் பெயர்!

நமக்கு மிஞ்சியது ஈட்டிய விடுப்பு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஆறு மாசத்துக்குப் பதினைந்து நாள் சேரும். 240 நாள் வரை சேர்த்து வைக்கலாம். மத்திய அரசு என்றால் 300. டீச்சர்களுக்குக் கோடை விடுமுறை இருப்பதால் இது குறைவாகத்தான் சேரும். அந்தக் கோடையிலும் விடைத்தாள், எலெக்‌ஷன் டியூட்டி என்று ஏதாவது வந்து நிற்கும் என்பது வேறு விஷயம்.

சேர்ந்ததை நாம் என்ன செய்கிறோம்? உண்டியலில் போடுகிறோம். வருஷத்துக்குப் பதினைந்து நாளை 'சரண்டர்' செய்து காசாக்கும் வழக்கம் இங்கே இருந்தது. 2020-ல் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். 2025 அக்டோபர் முதல் மறுபடி உண்டு என்று அறிவித்தார்கள். அந்தப் பணத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஜூன் மாச ஸ்கூல் ஃபீஸ், தங்கச்சி வளைகாப்பு என்று எத்தனையோ குடும்பத்தின் மூச்சு அதில் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். விக்டோரியாவில் தனியார் கம்பெனி ஊழியர்களுக்கு 2018-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி வேலையில் இருக்கும்போது இந்த லீவைப் பொதுவாகக் காசாக்கவே முடியாது. 'லீவா, எடுத்துக்கோ. பணமா, கிடையாது!' மனுஷன் களைத்துப் போவான், களைப்பைப் பணம் தீர்க்காது என்று புரிந்து எழுதிய சட்டம்.

நாமோ 240 நாளையும் அடைகாத்து, அறுபது வயசில் மாலையோடு சேர்த்துச் செக்காக வாங்குகிறோம். 240 நாள் என்பது எட்டு மாசம் ஸார்! மூட்டு மடங்கிய நாளில் குற்றாலமும் ராமேஸ்வரமும் போகலாம் என்றிருந்த எட்டு மாசம், வீடு மராமத்தில் முடிந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியச் சட்டம் இங்கே வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் லீவுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். 240-ஐத் தொட்டுவிட்டதென்றால் அதற்கு மேல் சேர்வது வீண். பணம் தேவையா, சரண்டர் செய்யுங்கள். ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது சேர்ந்தாற்போல் பத்து நாள் எடுத்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு ரயில் ஏறுங்கள்.

ரிடையர் ஆனபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்களா? அன்றைக்கு நீங்கள் ஃப்ரீ. உங்கள் பையனுக்கு லீவு கிடைக்காது!