பன்றிக்கு எந்தத் தோட்டா?

உருளைக்கிழங்குத் தோட்டத்தை ஒரே இரவில் கிளறிப்போடும் காட்டுப்பன்றிக்கு 12 போர் துப்பாக்கியின் பால்ரஸ் குண்டு போதாது. காயம்பட்ட பன்றி தேயிலைப் புதரில் பதுங்கிக்கொண்டு, காலையில் இலை பறிக்க வருவோர் மீது பாயும். 315 ரைபிள் தோட்டாவே ஏற்றது. ஆனால் அந்தக் குண்டு வெகுதூரம் போகும். பின்னால் மண்மேடு இருந்தால்தான் சுடலாம்.

சுடுவது யார்? அனுமதியின்றி விவசாயி சுட்டால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். சமவெளிக்குச் சரி. நீலகிரியில் பல ஊர்களில் தோட்டம் முடியும் இடத்தில் காடு தொடங்குகிறதே! மலை மாவட்டத்துக்குத் தூரக் கணக்கை அரசு தனியே வகுக்க வேண்டும். அதுவரை விதைப்புப் பருவத்திலாவது கூண்டுகள் வைக்க வேண்டும்.