வாட்டு பெரிது, கேட்பதோ சிறிது



தீபாவளி நெருங்கினால் ஈப்போவில் ஒலிச்சாதனம் வாங்கப் புறப்படுவோர் கேட்கும் முதற்கேள்வி, “எத்தனை வாட்டு?” என்பதே. இக்கேள்வியே தவறு என்கிறேன்.

பெட்டியின்மேல் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் ‘பி.எம்.பி.ஓ.’ எண்ணுக்கு ஏற்கப்பட்ட அளவைமுறை ஏதுமில்லை. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் கேளுங்கள். அதுவும் முழு விடையாகாது. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஓசை இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 84 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கருக்கு 100 வாட்டு ஆம்ப்ளிஃபையர் செய்யும் வேலையை, 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 25 வாட்டே செய்துவிடும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாக மாட்டினால் சுமை 4 ஓமாகிவிடும். அதற்கென அமையாத ஆம்ப்ளிஃபையர் சூடேறிப் பழுதாகும்.

இனி அறைக்கு வருவோம். 1890களில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் எதிரொலியை ஆராய்ந்த வாலஸ் சபைன், திறந்த சன்னலையே ஒலி உறிஞ்சலுக்கு அலகாகக் கொண்டார். வெளியேறிய ஒலி திரும்புவதில்லை அல்லவா? தோட்டத்து லயத்தில் பலகைச் சுவரும் திறந்த சன்னலும் அப்பணியைச் செய்தன. தாமான் வீட்டிலோ செங்கற்சுவர், தரையோடு, குளிர்சாதனத்துக்காக அடைத்த சன்னல். அங்கே வாட்டைக் கூட்டினால் எதிரொலியும் உடன் கூடும்.

“பாட்டுக் கேட்பதற்கு இத்தனை கணக்கா?” என்பீர்கள். அவ்வறையில்தான் உங்கள் குழந்தை வானொலிச் செய்தியும் கதையும் கேட்கிறது. முன்னெழுத்தின் எதிரொலி அடுத்த மெய்யை மூடிவிட்டால், லகர ளகர ழகர வேறுபாடு எவ்வாறு செவிக்கு எட்டும்? குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடத் தெளிவான ஒலி தேவை. 2002இல் வெளியான அமெரிக்கத் தரமுறை, 283 கனமீட்டருக்கு மேற்படாத வகுப்பறையில் எதிரொலி 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்றது. வீட்டில் ழகரம் மங்கினால், வகுப்பில் அதைத் திருத்துவது இருமடங்கு பாடு.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ஓசை சிலம்பினால், வாட்டுக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கம்பளத்திற்கும் கனத்த திரைச்சீலைக்கும் மாற்றுங்கள். வெற்றுச் சுவரை ஒட்டித் தமிழ் நூல்கள் நிறைந்த அலமாரி ஒன்றை வையுங்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்துங்கள். மூலை அடித்தொனியை வீங்கச் செய்யும்.

செவிக்கு உணவு வேண்டும், இரைச்சல் உணவாகாது. சிந்திப்போம்.